மௌவலும் மெளவலும்

நம் துறையின் கையெழுத்து இதழுக்கு மௌவல் என்று பெயர். 1998ஆம் ஆண்டு தொடங்கிப் பருவத்துக்கு ஒன்று என்னும் கணக்கில் வரவேண்டியது. இடையில் சில பருவங்கள் விடுபட்டுப் போக, இதுவரை 41 இதழ்கள் சேர்ந்திருக்கின்றன. முதுகலை மாணவர்கள் தாமே எழுதி, தாமே படம் வரைந்து, ஒரே ஒரு படியாகத் தைத்துக் கட்டித் தருவார்கள். படி ஒன்றே என்பதால் படித்தவர் தொகை மிகச் சிறிது. தன் கவிதை வந்த இதழைப் பார்க்காமலே படிப்பை முடித்துப் போனவர்களும் உண்டு. பெருந்தொற்றுக்குப் பின் 2021இல் கல்லூரி மீண்டும் திறந்தபோது, துறை பீரோவின் அடித்தட்டில் இருந்த ஒன்பது இதழ்களின் ஓரத்தைக் கறையான் தின்றிருந்தது. இவற்றை எங்கேனும் பத்திரப்படுத்த வேண்டும் என்னும் எண்ணம் அன்றுதான் நமக்கு வந்தது. வெட்கத்தோடு சொல்கிறோம், அதுவரை வரவில்லை.

தமிழ் முதுகலை முடித்துவிட்டுக் கணினித் துறைக்குப் போய்விட்ட நம் பழைய மாணவர் ஒருவர் உதவிக்கு வந்தார். இரண்டு விடுமுறைகளைச் செலவிட்டு எல்லாப் பக்கங்களையும் ஸ்கேன் செய்தார். 2022 பொங்கல் கழிந்த வாரம் மடிக்கணினியோடு துறைக்கு வந்து, இதழின் பெயரைத் தமிழ் எழுத்திலேயே கொண்ட முகவரி ஒன்றைத் திறந்து காட்டினார். முதல் இதழின் அட்டையில் வரையப்பட்ட காட்டு மல்லிகை திரையில் விரிந்தது. "ஐயா, இது பிளாக்செயினில் பதிந்த பெயர். இனி எந்தக் கம்பெனியும் எந்த அரசும் இதை எடுக்க முடியாது. சாதாரண உலாவியில் வராது, இந்த உலாவியைப் போட்டுக்கொண்டால் வரும்" என்றார். நாமும் போட்டுக்கொண்டோம். அவர் போன பின்பு, நம் மேசைக் கணினியில் அந்த முகவரியைத் தட்டினோம். மல்லிகைச் செடி வளர்ப்பு பற்றிய தேடல் முடிவுகள் பத்து வந்தன.

அன்று தொடங்கிய முறையீட்டுப் படலம் இரண்டரை ஆண்டுகள் நீண்டது. அதைப் பற்றி எழுத நமக்கு உரிமை உண்டா என்று யோசித்தோம். நாம் கணினி படித்தவர்கள் அல்லர். ஆனால் பெயருக்கும் பொருளுக்கும் உள்ள உறவைப் பாடம் நடத்திப் பிழைப்பவர்கள். அந்த அளவுக்கு உரிமை உண்டு என்றே கருதுகிறோம்.

இணையத்தில் பெயர் என்பது நன்னூலார் சொல்லும் இடுகுறிக்கு அணுக்கமானது. கணினிகள் ஒன்றையொன்று எண்ணால் அறிகின்றன. மனிதருக்காக அந்த எண்ணுக்கு ஒரு பெயர் இடப்படுகிறது. தொடக்கத்தில் இந்தப் பெயர்ப் பட்டியல் ஒரே ஒரு கோப்பாக, கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் பேணப்பட்டது. எலிசபெத் ஃபைன்லர் என்னும் அம்மையார் தலைமையில் ஒரு சிறு குழு அதைக் கவனித்தது. புதுக் கணினிக்குப் பெயர் வேண்டுவோர் அந்த அலுவலகத்தைத்தான் கேட்க வேண்டும். வலையமைப்பு வளர வளர ஒற்றைக் கோப்பு தாங்கவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் இன்றைய டி.என்.எஸ். முறையை வகுத்தார். பட்டியல் கிளை கிளையாகப் பிரிந்தது. வேர் மட்டும் ஒன்றாக நின்றது. 1998இலிருந்து அந்த வேரின் ஒழுங்கை ஐகான் என்னும் அமைப்பு பார்த்துவருகிறது.

வேர் ஒருவர் பொறுப்பில் இருந்தால், அங்கே பெயரைப் பறிக்கவும் முடியும் என்னும் அச்சம் வீணானதன்று. 2017 செப்டம்பரில், கட்டலோனியப் பொதுவாக்கெடுப்புக்கு முன், டாட் கேட் பெயர்களைப் பதியும் அலுவலகத்துக்குள் ஸ்பெயின் காவல்துறை புகுந்து சோதனையிட்டது. வாக்கெடுப்புத் தளங்கள் முடக்கப்பட்டபோது அவற்றின் படிகள் ஐ.பி.எஃப்.எஸ். என்னும் பகிர்வு முறையில் வலம்வந்தன. அதே ஆண்டு ஏப்ரலில் துருக்கி விக்கிப்பீடியாவை முடக்கியபோதும் துருக்கி மொழி விக்கிப்பீடியாவின் படி ஒன்று அதே வழியில் ஏற்றப்பட்டது. அந்தத் தடை நீங்க 2020 சனவரி வரை ஆயிற்று. ஆகவே, யாரும் பிடுங்க முடியாத பெயர் வேண்டும் என்போரை நாம் எள்ளவில்லை. தேவை உண்மையானது.

ஆனால் அந்தப் பெயரை உண்டாக்குவது எளிதன்று. ஜூக்கோ என்பவர் 2001இல் சுட்டிக்காட்டிய ஒரு முக்கோணம் உண்டு. பெயர் மனிதருக்குப் பொருள்படுவதாக இருக்க வேண்டும். போலி புக முடியாததாக இருக்க வேண்டும். ஒருவர் கையில் குவியாததாகவும் இருக்க வேண்டும். இம்மூன்றும் ஒருசேர வாய்க்கா என்பது அவர் கருத்து. வாய்க்கும், பிட்காயின் போன்றதொரு பொதுப் பேரேடு இருந்தால், என்று 2011 சனவரியில் ஆரன் சுவார்ட்ஸ் எழுதினார். அவ்வாண்டு ஏப்ரலிலேயே நேம்காயின் பிறந்தது. டாட் பிட் அதன் பின்னொட்டு. 2017இல் ஈத்தீரியத்தின்மேல் டாட் ஈத் வந்தது. 2020இல் ஹேண்ட்ஷேக் வந்தது.

வந்த பெயர்களில் யார் குடியேறினார்கள் என்று பார்த்தால் ஏமாற்றமே. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் நேம்காயினை ஆராய்ந்தார்கள். பதிந்திருந்த ஏறத்தாழ 1,20,000 பெயர்களில், விற்பனைக்காகப் பிடித்து வைக்கப்படாமல் உள்ளே ஓரளவேனும் உருப்படியான உள்ளடக்கம் கொண்டவை 28 மட்டுமே. ஊர் முழுக்க மனைப்பிரிவுக் கல் நட்டிருக்க, வீடு கட்டியவர் இருபத்தெட்டுப் பேர்.

நம் மௌவலும் அப்படி வீடு கட்டிய சிறுபான்மையில் ஒன்று. வீட்டுக்கு வழிதான் தெரியவில்லை.

மாணவரைத் தொலைபேசியில் கேட்டோம். "ஐயா, கடைசியில் ஒரு சாய்கோடு போட்டீர்களா?" என்றார். இந்தப் பின்னொட்டுகளை உலாவியின் முகவரிப் பட்டை பல வேளைகளில் முகவரி என்றே மதிப்பதில்லை. தேடுசொல் என்று எண்ணித் தேடுபொறிக்கு அனுப்பிவிடும். இறுதியில் சாய்கோடு இட்டால், இது முகவரி என்று அதற்கு உறைக்கும். இதை யார் எங்கே சொல்லித் தந்தார்கள்? தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்வதுதான். சாய்கோடு இட்டோம். தேடல் போயிற்று, 'இத்தளத்தை அடைய முடியவில்லை' என்னும் அறிவிப்பு வந்தது.

அதன் பிறகு முறையீடு எழுதத் தொடங்கினோம். உலாவி நிறுவனத்துக்கு எழுதினோம். அமைப்புகளுக்குள் சென்று, பிளாக்செயின் பெயர்களைத் தேடும் வசதி 'கேட்டபின்' என்றிருக்கிறதா, 'எப்போதும்' என்றிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். பார்த்தோம், மாற்றினோம். வி.பி.என். இருந்தால் அணைக்கச் சொன்னார்கள். நம்மிடம் அது இல்லை. பாதுகாப்பான டி.என்.எஸ். என்னும் வசதியை மாற்றச் சொன்னார்கள். எதை எதற்கு மாற்றுவது என்று புரியாமலே மாற்றினோம், கல்லூரிக் கட்டணத் தளம் அன்று மாலைவரை திறக்கவில்லை. (அலுவலகக் கண்காணிப்பாளர் நம்மிடம் பேசுவதை நிறுத்திய நாள் அது.) பின்னர், பெயரைப் பதிந்து தந்தவர்களைக் கேட்கச் சொன்னார்கள். அவர்கள், பேரேட்டில் பெயர் சரியாக இருக்கிறது, உலாவியைக் கேளுங்கள் என்றார்கள். இரண்டுக்கும் இடையே நுழைவாயில் நடத்துவோர் என்று ஒரு சாரார் உண்டு. அவர்களிடமிருந்து முறையீட்டு எண் மட்டும் வந்தது.

இந்த மறுமொழிகளை அச்செடுத்து ஒரு கோப்பில் கோத்து வைத்திருக்கிறோம். இலக்கணம் நடத்துபவர் கண்ணுக்கு அவற்றில் ஒன்று பளிச்சென்று தெரியும். எந்த வாக்கியத்துக்கும் எழுவாய் கிடையாது. 'தங்கள் கருத்து பெறப்பட்டது.' 'உரிய குழுவுக்கு அனுப்பப்பட்டுள்ளது.' 'வருங்காலப் பதிப்பில் பரிசீலிக்கப்படலாம்.' பெற்றவர் யார், அனுப்பியவர் யார், பரிசீலிப்பவர் யார்? செயப்பாட்டு வினை தமிழுக்குப் புதிதன்று. ஆனால் ஆளே இல்லாத ஊரைப்போல் இத்தனை வாக்கியங்களை ஒருசேர நாம் கண்டதில்லை. ஒருவர் கையிலும் குவியாத முறைமையில் ஒருவரும் பொறுப்பு இல்லை என்பதும் அடங்கியிருக்கிறது போலும். பழைய முறையில் ஒரு டொமைன் பெயர் திறக்காவிட்டால், பதிவாளர் என்று ஒருவர் சிக்குவார். அவர் மறுத்தால் மேலே ஐகான் வரை முறையிட ஒரு படிக்கட்டு உண்டு. வழுக்கும் படிக்கட்டுதான், ஆயினும் படிக்கட்டு.

சிக்கலை அவிழ்த்தவர் கணினிக்காரர் எவரும் அல்லர். நம் துறையில் மெய்ப்புத் திருத்துவதில் பேர்பெற்ற அம்மையார் ஒருவர் இருக்கிறார். மாணவர் அனுப்பிய முகவரியை மடலிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் தளம் திறந்தது. நாம் தட்டினால் திறக்கவில்லை. "அப்படியென்றால் இரண்டும் ஒரு சொல் இல்லை" என்றார் அவர். இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, பின்னழிப்பு விசையால் கடைசியிலிருந்து எழுத்தெழுத்தாக அழித்துக்கொண்டே வந்தார். நாம் தட்டிய சொல்லில் 'மௌ' என்பதை ஒருமுறை அழித்தபோது 'ம' எஞ்சியது. மாணவரின் சொல்லில் ஒருமுறை அழித்தபோது 'மெ' எஞ்சியது.

வாசகர்களில் தமிழ் தட்டச்சு செய்வோர்க்கு இதற்குள் விளங்கியிருக்கும். மாணவர் தட்டியது மகர ஔகாரம் அன்று. மெ என்னும் எகர உயிர்மெய்யும், அதன்பின் ளகரமும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒருங்குறியில் இரண்டும் வேறு. ஔகாரக் குறிக்குத் தனி எண் இருக்க, விசைப்பலகையில் அதைத் தேடாமல் ளகரத்தை இட்டு நிரப்புவது பலர் பழக்கம். ஔவையாரை 'ஒளவையார்' என்று தட்டியோர் எத்தனை பேர் என்று தேடிப் பார்த்தால் தெரியும். பள்ளிப் பாடநூல் வினாத்தாள்களிலேயே இதைத் திருத்தியிருக்கிறோம். கையெழுத்தில் இது பிழையே ஆகாது. அச்சில் கூர்ந்து பார்ப்பவர்க்கு மட்டும் தெரியும். பேரேட்டிலோ, ஒரு வீட்டுக்கும் மறு வீட்டுக்கும் உள்ள வேறுபாடு ஆகிவிடுகிறது.

இதை நாம் ஒரு மாணவரின் தட்டச்சுப் பிழையாக மட்டும் பார்க்க விரும்பவில்லை. தமிழ் எண்களை எண்ணிப் பாருங்கள். ௧ என்னும் ஒன்று ககரத்தையும், ௨ என்னும் இரண்டு உகரத்தையும், ௭ என்னும் ஏழு எகரத்தையும், ௮ என்னும் எட்டு அகரத்தையும் ஒத்திருக்கின்றன. பல எழுத்துருக்களில் வேறுபாடே காண இயலாது. ஒரு வங்கியின் பெயரையோ பதிப்பகத்தின் பெயரையோ இப்படி மாற்றிப் பதிந்து வைத்துக்கொள்ள ஒருவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? டாட் இலங்கை, டாட் சிங்கப்பூர், டாட் இந்தியா ஆகிய தமிழ்ப் பின்னொட்டுகள் 2010, 2011 ஆண்டுகளில் ஒப்புதல் பெற்றன. பின்னர் வேர்ப் பெயர்களுக்குத் தமிழில் எந்த எழுத்து எந்த எழுத்தோடு சேரலாம் என்று விதி வகுப்பதற்கு, ஐகான் தமிழ் அறிந்தவர்களையும் சேர்த்து ஒரு குழுவையே உட்கார வைத்தது. சலிப்பூட்டும் வேலை. ஆண்டுக்கணக்கில் நடந்தது. மையம் வேண்டாம் என்போர் இத்தகைய சலிப்பூட்டும் வேலையை யார் செய்வார் என்பதற்கும் விடை வைத்திருக்க வேண்டும். டாட் ஈத் முறையினர் மயங்கொலி எழுத்துகளைப்போல் மயங்கும் வடிவங்களைத் தடுக்க 2023இல் ஒரு பொதுவிதி கொண்டுவந்தார்கள் என்பதையும் குறிப்பிட வேண்டும். ஆனால் மெகரமும் ளகரமும் தனித்தனியே குற்றமற்ற தமிழ் எழுத்துகள். 'மெள்ள' என்று எழுத எவர்க்கும் உரிமை உண்டே! விதி எப்படிப் பிடிக்கும்? மௌவல் என்னும் சொல் தெரிந்தவர் ஒருவர் பார்த்தால்தான் பிடிபடும்.

சரியான பெயரை மாணவர் மறுபடி பதிந்தார். பழையதைத் திருத்த வழியில்லை. புதிதாகத்தான் வாங்க வேண்டும். 'ஒருமுறை கட்டினால் என்றென்றும் உமதே' என்று சில நிறுவனங்கள் விற்கின்றன. டாட் ஈத் பெயர்களுக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு. என்றென்றும் என்ற சொல்லைக் குறித்தும் ஒரு சிறு செய்தி. அன்ஸ்டாப்பபிள் டொமைன்ஸ் நிறுவனம் டாட் காயின் என்னும் பின்னொட்டில் பெயர்கள் விற்றுவந்தது. எமர்காயின் என்னும் வேறொரு முறை 2014 முதலே அதே பின்னொட்டை வைத்திருந்தது தெரியவந்ததும், 2022 அக்டோபரில் தன் விற்பனையை நிறுத்தியது. அப்பெயர்களைத் தன் கருவிகளில் தேடித் தருவதையும் நிறுத்தியது. வாங்கியவர் கையிலிருந்த உடைமையை எவரும் பிடுங்கவில்லை. சொன்ன சொல் காப்பாற்றப்பட்டது. ஆனால் அந்தப் பெயரைக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதற்கு ஆள் இல்லை.

அதே ஆண்டு நடந்த இன்னொன்று இதனினும் வியப்பு. டாட் ஈத் பெயர்களைச் சாதாரண உலாவியில் காண, ஈத் டாட் லிங்க் என்னும் பழைய முறை டொமைன் ஒன்று வாயிலாக இருந்தது. அதைப் புதுப்பிக்க வல்லவர் ஒருவரே. அவர் அப்போது அமெரிக்கச் சிறையில் இருந்தார். காலம் கடந்தது, பெயர் வேறொருவர் கைக்குப் போயிற்று. மீட்க நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டியிருந்தது. அரசும் நீதிமன்றமும் தீண்ட முடியாத பெயர்களின் வாசல், ஒரு நீதிபதியின் இடைக்கால ஆணையால் மீண்டது.

மௌவல் ஓராண்டுக்கு மேல் நன்றாகவே திறந்தது. வெளியூர்களிலிருந்து பழைய மாணவர்கள் தம் கவிதைகளைப் பார்த்துவிட்டு எழுதினார்கள். 2003ஆம் ஆண்டு இதழில் தான் எழுதிய சிறுகதையை மகளுக்குப் படித்துக் காட்டியதாக ஒருவர் எழுதியிருந்தார். பாதுகாப்பற்ற தளம் என்று உலாவி எச்சரிப்பதாகச் சிலர் அஞ்சினார்கள். வேரில் இல்லாத பெயர்களுக்குச் சான்றிதழ் அமைப்புகள் பூட்டுச் சின்னம் தருவதில்லை என்று ஒவ்வொருவருக்கும் விளக்கி எழுதினோம். அவ்வளவில் நாமும் ஓர் உதவி மையம் ஆகிவிட்டோம்.

2024 நடுவில் மறுபடி நின்றது. இம்முறை பெயர் சரி, எழுத்து சரி, சாய்கோடும் சரி. உலாவி வெகுநேரம் சுற்றிவிட்டு அதே அறிவிப்பைக் காட்டியது: 'இத்தளத்தை அடைய முடியவில்லை.' மறுபடியும் அதே நான்கு கதவுகள், அதே எழுவாயில்லா விடைகள். காரணம் நான்கு மாதம் கழித்துத் தெரிந்தது. பேரேட்டில் பதியப்படுவது பெயரும், அது சுட்டும் உள்ளடக்கத்தின் அடையாளக் குறியும் மட்டுமே. உள்ளடக்கம் எங்கேனும் ஒரு கணினியில் இருந்தாக வேண்டும். ஐ.பி.எஃப்.எஸ். முறையில் யாராவது ஒருவர் அதைப் பிடித்து வைத்திருக்கும் வரையில்தான் அது கிடைக்கும். மாணவர் மாதக் கட்டணம் கட்டி ஓரிடத்தில் பிடித்து வைத்திருந்தார். வேலை மாறி நாடு மாறியபோது அவருடைய வங்கி அட்டை காலாவதியானது. நினைவூட்டல் மடல்கள் அவர் பார்க்காத பழைய முகவரிக்குப் போயின. பெயர் இன்றும் பேரேட்டில் நிற்கிறது, அழியாமல். பொருள் இல்லை.

அவரைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பீரோவில் கறையானுக்கு விட்டவர்கள் நாம்.

உலாவிகள் மீது நமக்குள்ள வழக்கு இதுதான். இரண்டரை ஆண்டுகளில் மூன்று வெவ்வேறு கோளாறுகள் நேர்ந்தன. முதலில், முகவரி முகவரியாகவே கொள்ளப்படவில்லை. அடுத்து, அப்படியொரு பெயர் பேரேட்டில் இல்லை. பின்னர், பெயர் இருந்தது, அது சுட்டிய பொருளை வைத்திருப்பவர் எவரும் இல்லை. பின்னிரண்டுக்கும் உலாவி சொன்னது ஒரே வாக்கியம். முதலாவதற்கு அதையும் சொல்லவில்லை. மல்லிகை வளர்க்கச் சொன்னது. உள்ளே எந்தப் படியில் தடுக்கியது என்பது உலாவிக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லாமல் மறைத்துவிட்டு, பயன்படுத்துபவரை அமைப்புகளுக்குள் அலையவிடுவது நியாயம் அன்று. மையம் இல்லாத முறையில் பழுதுபார்ப்பவரும் பயன்படுத்துபவரே என்றால், எங்கே பழுது என்று சொல்லும் கடமை கருவிக்கு இருமடங்கு ஆகிறது.

திஸ்கி, டேப் என்று குறிமுறைகள் பல இருந்த காலத்தில், தமிழ்த் தளம் ஒன்றைப் படிக்க எழுத்துருவை இறக்கி, உலாவியில் குறிமுறையை மாற்றிப் படித்த தலைமுறை நாம். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் தளம் நடத்துபவருக்கு எழுதுவோம். அவர் இரவு பதினொரு மணிக்கு, 'நண்பரே, யூசர் டிஃபைன்ட் என்பதைத் தேர்ந்தெடுங்கள்' என்று மறுமொழி போடுவார். தொல்லையில் அக்காலம் இதற்குக் குறைந்ததன்று. ஆனால் கட்டங்களைப் பார்த்ததுமே, கோளாறு எழுத்துருவில் என்று நமக்குத் தெரிந்தது.

உலாவிகளும் இந்த வசதியை என்றென்றும் வைத்திருக்கப் போவதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பிரேவ் உலாவி 2021 சனவரியில் ஐ.பி.எஃப்.எஸ். வசதியைச் சேர்த்தது, பயன்படுத்துவோர் மிகச் சிலர் என்று 2024இல் நீக்கிவிட்டது. அதைத் தவறென்று நாம் சொல்லவில்லை. நிறுவனம் கணக்குப் பார்க்கத்தான் செய்யும். ஆனால் பிடுங்க முடியாத பெயரைக் காட்டும் கண்ணாடி பிடுங்கக் கூடியது என்பதை, பெயர் விற்பவர்கள் விற்கும்போதே சொல்லலாம்.

சென்ற மாதம் நம் துறையினர் கூடி, உலாவி காட்டவேண்டிய மூன்று அறிவிப்புகளைத் தமிழில் எழுதி, நாம் பயன்படுத்தும் உலாவியின் கருத்துப் பெட்டிக்கு அனுப்பினோம். 'நீங்கள் தந்ததை நாம் முகவரியாகக் கொள்ளவில்லை, தேடுசொல்லாகக் கொண்டோம்.' 'இப்பெயர் பேரேட்டில் இல்லை, எழுத்துகளைச் சரிபாருங்கள்.' 'பெயரைக் கண்டோம்; அது சுட்டும் கோப்பை இப்போது வைத்திருப்பவர் எவரையும் காணவில்லை.' மூன்றிலும் எழுவாய் உண்டு. தங்கள் கருத்து பெறப்பட்டது என்று விடை வந்திருக்கிறது.

ஸ்கேன் செய்த கோப்புகள் இரண்டு பென் டிரைவில் இருக்கின்றன. ஒன்று துறையில், ஒன்று மெய்ப்புப் பார்க்கும் அம்மையாரின் வீட்டில். மாணவர் அடுத்த விடுமுறைக்கு வரும்போது வேறொரு கணினியில் ஏற்றிப் பெயரோடு சேர்த்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். மூல இதழ்கள் மேல்தட்டுக்கு மாற்றப்பட்டுவிட்டன. பார்க்க விரும்புவோர் வேலை நாளில் பத்து மணி முதல் நான்கு மணிக்குள் வரலாம். சாவி அலுவலக உதவியாளரிடம் இருக்கிறது.